ஆலைப் பெண்டிரும் ஓர் அறையும்

மும்பையில் வாழும் நம்மவருக்குச் ‘சால்’ இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. வரிசையாக அறைகள்; முன்னே நீண்ட நடை; குழாயும் கழிப்பிடமும் பலருக்கும் பொது. இவ்வறைகளில் பஞ்சாலைப் பெண்டிர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

கொங்கணத்து இரத்தினகிரி முதலிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து வேலை நாடி வந்தோரில் பெண்டிரும் பலர். நூல் சுற்றும் பிரிவுகளில் அவர்களே மிகுதி. 1920-களின் தொடக்கத்தில் அவர்தம் நிலையை ஆராயப் பம்பாய் அரசாங்கம் பார்ன்ஸ் என்னும் பெண் மருத்துவரை நியமித்தது.

அவர் கண்ட அறையொன்று 15 அடி நீளமும் 12 அடி அகலமும் உடையது. அதனுள் ஆறு குடும்பங்கள். தரையிலிருந்த ஆறு அடுப்புகளே அதற்குச் சான்று. பெரியோரும் சிறாருமாக 30 பேர். அவர்களுள் மூன்று பெண்கள் விரைவில் பிரசவிக்க இருந்தனர். மறைவிடம் எங்கே என்று அவர் வினவியபோது, உடன் வந்த தாதி காட்டியது மூன்றடிக்கு நான்கடியான ஒரு சிறு இடம்! அதைத் திரையிட்டு மறைப்பார்களாம். இரவில் ஆறு அடுப்பின் புகையும் அங்கேதான்.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1920-இல் அமைந்த வளர்ச்சித் துறை 50,000 குடியிருப்புகள் கட்டத் திட்டமிட்டு, ஏறத்தாழ 16,000 அறைகளோடு நிறுத்திக்கொண்டது. ஓர் அறை 160 சதுர அடி. குடும்பத்தை எண்ணிக் கட்டியது. கணவனை இழந்து தனித்து வந்தவளுக்கு உறவினர் அறையின் மூலையே கதி.

பணிபுரியும் மகளிர் விடுதிகளுக்கு மத்திய அரசு நிதியுதவி அளிக்கும் திட்டம் 1972-73-இல்தான் தொடங்கிற்று. அதற்குள் பம்பாய் ஆலைகளில் பெண்களின் தொகை பெரிதும் குறைந்துவிட்டிருந்தது.