உணவுக் கட்டுப்பாட்டு மாதங்கள்: ஒரு காப்பீட்டு நிபந்தனையின் வரலாறு

அமெரிக்காவில் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் முன்அனுமதி பெற மருத்துவரின் கடிதம் மட்டும் போதாது. மருத்துவ மேற்பார்வையில் 3 முதல் 12 மாதம் வரை உணவுக் கட்டுப்பாடு, மாதந்தோறும் எடைப் பதிவு, மனநல மதிப்பீடு, உணவியல் நிபுணரின் அறிக்கை எனப் பல நிறுவனங்கள் நீண்ட பட்டியல் வைத்திருக்கின்றன. சில திட்டங்களில் ஒரு மாதச் சந்திப்பு விட்டுப்போனால் மீண்டும் முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அதற்கு அடிப்படையான மருத்துவ ஆய்வு எதுவும் அகப்படுவதில்லை. எச்சரிக்கையாகச் சொல்லப்பட்ட ஒரு பரிந்துரை படிப்படியாகத் தடுப்புச் சுவராக மாறிய வரலாறுதான் கிடைக்கிறது.

அந்த எச்சரிக்கைக்கு நியாயமான காரணம் இருந்தது. 1954-இல் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து உணவைக் கடத்தும் முறையை வெளியிட்டார்கள். எடை குறைந்தது, ஆனால் கடும் வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் செயலிழப்பு என்று நோயாளிகள் பெரும் விலை கொடுத்தார்கள். அந்த முறை பின்னர் கைவிடப்பட்டது. அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கிய இரைப்பை மாற்றுவழி முறை அதைவிடப் பாதுகாப்பாக இருந்தது. என்றாலும் பழைய அச்சம் போகவில்லை.

1991 மார்ச் மாதம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு இந்த வரலாற்றின் மையம். உடல் நிறை குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள், 35 முதல் 40 வரை இருந்து கடுமையான இணைநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றது அது. முதன்முறையாகச் சிகிச்சை தேடி வருபவரை முதலில் உணவுமுறை, உடற்பயிற்சி, நடத்தை மாற்றம் சார்ந்த திட்டத்துக்குப் பரிசீலிக்க வேண்டும், பல்துறை மருத்துவர் குழு அவரை மதிப்பிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மாதக் கணக்கு எதையும் வகுக்கவில்லை. ஒரு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்கள் முடிவு செய்வார்கள் என்பதே அதன் நோக்கம்.

அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1994-இல் ஆலன் விட்குரோவும் உடனிருந்தவர்களும் லேப்ராஸ்கோப்பி வழி மாற்றுவழிச் சிகிச்சையை அறிவித்தார்கள். சிறு துளைகளின் வழியே செய்யலாம் என்றதும் கேட்டு வருபவர் கூட்டம் பெருகியது. 1998-இல் சுமார் 13,000 ஆக இருந்த அறுவை சிகிச்சைகள் 2002-இல் 72,000-ஐத் தாண்டின. காப்பீட்டாளர்களுக்குச் செலவு உடனே வந்தது. நீரிழிவும் இதயநோயும் குறைவதால் வரும் சேமிப்பு பல ஆண்டுகள் கழித்தே வரும். அமெரிக்காவில் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு ஒட்டியது. வேலை மாறினால் காப்பீட்டாளரும் மாறுவார். இன்று நான் செலவழித்தால் நாளை பலன் இன்னொரு நிறுவனத்துக்கு என்ற கணக்கு இங்கே வேலை செய்கிறது. காப்பீட்டாளர்கள் நிபந்தனைகளைப் பெருக்கியதற்கு இந்தக் கணக்கே வலுவான காரணம் என்பது என் கருத்து. நிறுவனம் சம்மதித்தாலும், பணி வழங்குபவர் வாங்கிய திட்டத்தில் பருமன் சிகிச்சை விலக்கப்பட்டிருந்தால் அதோடு முடிந்தது.

காப்பீட்டாளர் தரப்பின் வலுவான வாதம் உயிரிழப்பு. டேவிட் ஃப்ளம் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிக்கேரின் பயனாளிகளில் 30 நாளுக்குள் 2 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குள் 4.6 விழுக்காட்டினரும் இறந்ததைக் காட்டியது. அச்சப்பட வேண்டிய எண்தான். ஆனால் அதே ஆய்வு, குறைவான எண்ணிக்கையில் இச்சிகிச்சை செய்யும் அறுவை மருத்துவர்களிடம் ஆபத்து கூடுதல் என்றும் காட்டியது. ஆபத்தின் ஒரு பகுதி கத்தி பிடித்த கையின் அனுபவத்தில் இருந்தது. தேர்வோ நோயாளியின் சாப்பாட்டுத் தட்டுக்கு வைக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் மெடிக்கேர் வகுத்த தேசிய விதி இதைப் புரிந்துகொண்டது. குறியீட்டெண் 35, ஓர் இணைநோய், முந்தைய மருத்துவ முயற்சியின் தோல்வி ஆகியவற்றோடு, சான்று பெற்ற மையத்தில் மட்டுமே சிகிச்சை என்றது. அந்தத் தேசிய விதியிலும் மாதக் கணக்கு இல்லை. மையச் சான்று நிபந்தனையும் 2013-இல் நீக்கப்பட்டது.

மாதக் கணக்கு பலன் தருகிறதா என்று சோதித்தவர்களும் உண்டு. காப்பீட்டுக்காகக் கட்டாய உணவு ஆலோசனைக்கு உட்பட்டவர்களில் கூடுதலானோர் பாதியிலேயே விலகினார்கள், அறுவைக்குப் பின் அவர்களின் எடைக் குறைவும் மேம்படவில்லை என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அமெரிக்க வளர்சிதைமாற்ற, பருமன் அறுவை மருத்துவர் சங்கம் 2011-இலும் 2016-இலும் இந்த நிபந்தனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிக்கை விட்டது. அறுவைக்குச் சில வாரங்கள் முன்பு, கல்லீரலைச் சுருக்கி மருத்துவரின் வேலையை எளிதாக்கத் தரப்படும் குறைகலோரி உணவு வேறு விஷயம்; அதை மருத்துவர் முடிவு செய்கிறார். காத்திருக்க வைக்கும் மாதக் கணக்கையும் அதையும் ஒன்றாக்கக் கூடாது. தாமதத்தின் விலை சிறியதல்ல. 2007-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வும் யூட்டா ஆய்வும், அறுவை செய்துகொண்டவர்களிடையே நீண்டகால இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்ததைக் காட்டின.

2022 அக்டோபரில் அந்த அமெரிக்கச் சங்கமும் பருமன் அறுவைத் துறையின் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து 1991-இன் அளவுகோலைத் திருத்தின. குறியீட்டெண் 35 இருந்தால் இணைநோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்றன. ஆசிய மக்களுக்கு, குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதைக் கருதி, 27.5-ஐ எல்லையாக்கின.

1991-இன் பழைய எண்கள் நம் நாட்டிலும் வாழ்கின்றன. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த சீரான விலக்கு விதிகளில், பருமன் அறுவைக்குக் காப்பீடு பெற 18 வயது, குறியீட்டெண் 40 என்பவை நிபந்தனைகள். 35 இருந்தால், எளிய முறைகள் தோற்ற பின் கடும் தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத இரண்டாம் வகை நீரிழிவு, இதயத் தமனி நோய், பருமன் சார்ந்த இதயத்தசை நோய் ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். 40, 35 இரண்டும் 1991 மாநாட்டின் எண்கள். இந்திய உடல்வாகைக் கணக்கில் கொண்டு வகுத்தவை அல்ல. முந்தைய முயற்சி தோற்றது என்பதற்கான அளவையும் அந்த விதி விளக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் அமெரிக்காவின் மாதக் கணக்கு வந்து குந்திவிடாமல் பார்ப்பதும், ஆசியர்களுக்கான எல்லையை ஏற்று விதியைத் திருத்துவதும் ஆணையத்தின் உடனடிக் கடமை.