பீரங்கி வரைந்த நட்சத்திரம்

வானிலிருந்து எடுத்த படங்கள் எல்லோர் கைக்கும் வந்தபின், பழைய கோட்டைகளைப் பற்றிய ஒரு கேள்வி உலகெங்கும் சுற்றுகிறது. நெதர்லாந்தின் பூர்டாங்கே, அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுக வாயிலில் உள்ள மெக்கென்றி, யாழ்ப்பாணக் கடலேரிக் கரையில் நிற்கும் கோட்டை என மூன்றுக்கும் ஐந்து முனை. கடல்கள் பிரித்த ஊர்களில் ஒரே வடிவம் எப்படி வந்தது? ‘டார்ட்டாரியா’ என்ற மறைந்த பேரரசு கட்டிவைத்தது என்கிறார்கள் சிலர். முனைகளும் அகழி நீரும் சேர்ந்து ஏதோ ஆற்றலைத் தந்தன என்கிறார்கள் வேறு சிலர். வானத்திலிருந்து பார்த்தால்தானே நட்சத்திரம் தெரியும், பறக்கத் தெரியாதவர்கள் இதை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்றும் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. விடை, பீரங்கிக் குண்டு பாயும் பாதையில் இருக்கிறது.

பீரங்கி வருவதற்குமுன் கோட்டைக்கு உயரம்தான் பலம். ஏணி வைத்து ஏறுபவனைத் தடுக்க மதில் உயர்ந்தது. மூலைகளில் வட்டக் கோபுரங்கள் எழுந்தன. 1494இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கினார். அவருடைய படையில் சக்கர வண்டியில் ஏற்றிய வெண்கலப் பீரங்கிகள் இருந்தன. அவை கல்லுக்குப் பதில் இரும்புக் குண்டுகளை வீசின. நீண்ட முற்றுகைகளைத் தாங்கிய மதில்கள் சில மணி நேரத்தில் சரிந்தன. உயரமான மதில், குறி வைக்க வசதியான இலக்காகிப் போனது.

முதல் பாடம் பீசா நகரில் கிடைத்தது. 1500இல் பிரெஞ்சுக்காரரும் புளோரன்ஸ்காரரும் அந்நகரை முற்றுகையிட்டபோது, குண்டடி பட்ட மதிலுக்கு உட்புறமாக நகரத்தார் மண்ணை வெட்டிக் குவித்து, பள்ளமும் மேடுமாக இன்னோர் அரண் எழுப்பினார்கள். மதில் உடைந்தது, மண்மேடு நின்றது. கல் நொறுங்குகிற இடத்தில் மண் குண்டை விழுங்கிக்கொள்கிறது என்பது எல்லோருக்கும் விளங்கியது. அதன்பின் கோட்டைகள் தாழ்ந்து, அகன்று, மண்ணால் நிரம்பின.

ஆனால் தாழ்ந்த மதிலை எதிரி எளிதில் நெருங்கிவிடுவான். அங்கேதான் நட்சத்திரம் பிறக்கிறது. வட்டக் கோபுரத்தின் நேர் முன்னே, அடிவாரத்தை ஒட்டிச் சிறு நிலத்துண்டு ஒன்று உண்டு. பக்கத்துக் கோபுரங்களில் நிற்கும் யாருடைய குண்டும் அங்கே போய்ச் சேராது. அந்த மறைவில் பதுங்கி, சுரங்கம் தோண்டி, வெடிமருந்து வைத்தால் கோபுரமே சாயும். வளைவை நீக்கிவிட்டு, பக்கத்துக் கொத்தளத்திலிருந்து குண்டு பாயும் பாதையை ஒட்டியே இரண்டு நேர்ச்சுவர்களை எழுப்பினால் அந்த மறைவு இல்லாமல் போகும். இரு சுவர்களும் கூடும் இடம் கூர்முனை ஆகிறது. ஒவ்வொரு மூலையிலும் இதைச் செய்தால் நட்சத்திரம் தானாக வந்துவிடும். இதைக் காண வானத்துக்கு ஏற வேண்டியதில்லை. கவராயமும் அளவுகோலும் தாளும் போதும்.

முனைகளின் எண்ணிக்கைக்கும் காரணம் உண்டு. நாற்கோணத்தில் கொத்தள முனை மிகவும் கூராகிவிடும்; உள்ளே பீரங்கி நிறுத்த இடம் குறையும், குண்டு பட்டால் நுனி எளிதில் உடையும். ஐங்கோணத்தில் முனை அகன்று வலுப்படுகிறது. செலவும் மிதமிஞ்சாது.

இத்தாலியின் கடற்கரை ஊரான நெத்தூனோவில் 1501க்கும் 1503க்கும் இடையே எழுந்த கோட்டை இவ்வகையின் தொடக்கங்களுள் ஒன்று. சங்காலோ சகோதரர்கள் என்ற கட்டடக் கலைஞர்களோடு சேர்த்துப் பேசப்படுவது அது. 1520களின் இறுதியில் புளோரன்ஸைக் காக்க மைக்கேலாஞ்சலோ வரைந்த கொத்தள வரைபடங்கள் இன்றும் அந்நகரில் இருக்கின்றன. சிலவற்றில் குண்டுகள் பாயும் பாதைகளையே கோடு கோடாக இழுத்திருக்கிறார்.

அழகுக்காகப் பிறந்த வடிவம் இது என்ற இன்னொரு கருத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. சார்லஸ் படையெடுப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, பிலரேத்தே என்ற கட்டடக் கலைஞர் எட்டு முனை கொண்ட சிறந்த நகரம் ஒன்றைக் காகிதத்தில் கற்பனை செய்திருந்தார். மறுமலர்ச்சிக் காலத்துக்கு நட்சத்திரம் பிடித்திருந்தது உண்மை. ஆனால் அவருடைய நகரம் கட்டப்படவே இல்லை. பீரங்கி மிரட்டிய பிறகுதான் நகரங்கள் கருவூலத்தைத் திறந்தன. திறந்த சில அழிந்தும் போயின: 1553இல் புதிய அரண்களைக் கட்டத் தொடங்கிய சியேனா அந்தச் செலவில் இளைத்து, 1555இல் சுதந்திரத்தையே இழந்தது.

வடிவம் பரவியது நூல்களாலும் பொறியாளர்களாலும். இத்தாலியப் பொறியாளர்கள் ஐரோப்பிய அரசர்களிடம் வேலைக்குப் போனார்கள். 1594இல் சைமன் ஸ்டீவின் டச்சு மொழியில் கோட்டை கட்டும் நூல் வெளியிட்டார். 1600இல் லைடன் நகரில் பொறியாளர்களுக்கென ஒரு பள்ளி தொடங்கியது. அந்த அறிவு ஒல்லாந்தர் கப்பல்களில் ஏறி ஆசியக் கரைகளுக்கு வந்தது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள், அங்கிருந்த நாற்கோணக் கோட்டையின் இடத்தில் ஐங்கோணம் எழுப்பினார்கள். கொத்தளங்களுக்கு ஒல்லாந்து, சீலாந்து என்று தங்கள் மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். கல் மட்டும் அந்த மண்ணுடையது: கடல் தந்த முருகைக்கல். புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஸ்பானியர் 1672இல் தொடங்கிய கோட்டைக்கும் அந்தக் கரையின் சிப்பிக்கல்தான் கிடைத்தது. அதை வெட்டிச் சுமந்தவர்களில் அந்நிலத்தின் பழங்குடியினரும் இருந்தார்கள்.

மறைந்த பேரரசுக் கதை எனக்கு வருத்தம் தருவது இதனால்தான். கணக்குப் போட்டவன், கல் வெட்டியவன், மண் சுமந்தவள் எல்லோரையும் அது ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது. வியப்புக்காகச் சொல்லப்படும் கதை, வியப்புக்குரிய உழைப்பை மறைக்கிறது.

ஒரு பொருளின் பிறப்பைச் சொல்லும் எந்தக் கதையும் அது ஏன் அப்போது தோன்றியது, ஏன் பின்னர் நின்றது என்ற இரண்டுக்கும் விடை தரவேண்டும். கொத்தளம் வைத்த நட்சத்திரக் கோட்டை பீரங்கிக்கு முன் எங்கும் இல்லை. 1862இல் அமெரிக்காவின் ஜார்ஜியா கரையில், பூலாஸ்கி கோட்டையின் தடித்த செங்கல் சுவரை, குழலின் உட்புறம் சுருள்வரி வெட்டிய வரிக்குழல் பீரங்கிகள் ஒரு மைலுக்கும் அப்பாலிருந்து இரண்டே நாளில் உடைத்துத் திறந்தன. அத்தகைய பீரங்கிகள் பெருகியபின், புதிதாக நட்சத்திரம் வரைவதில் பொருள் இல்லாமல் போயிற்று. ஆற்றல் தரும் கருவியாகவோ பேரரசின் சின்னமாகவோ இருந்திருந்தால், பீரங்கி மாறியதும் அது ஏன் கைவிடப்பட வேண்டும்? அதை வரையவைத்ததும் பீரங்கி, நிறுத்தவைத்ததும் பீரங்கி.