சீகிரியாவின் அடிவாரமும் சிறுவர் நன்னடத்தைப் பணியும்

சீகிரியா என்றதும் நேயர்களின் மனக்கண்முன் தோன்றுவது காசியப்ப மன்னனின் கற்கோட்டையே. தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய அம்மன்னன், கி.பி. 477 முதல் 495 வரை அங்கிருந்து ஆண்டான் என்பர். 1982ஆம் ஆண்டில் அக்குன்று உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அதன் ஓவியங்களைக் காப்பதற்குத் தொல்லியலாளர் உளர். அடிவாரத்துக் கிராமமொன்றில் வளரும் சிறுவன் வழி தவறினால், அவனைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

முற்காலத்தில் இவ்வினாவுக்கு விடை சிறைக்கூடமாகவே இருந்தது. இளையோரை முதியோரிடமிருந்து பிரித்தல் வேண்டும் என்னும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சட்டவடிவம் பெறத் தொடங்கிற்று. பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்தியாவிலேயே முதலாவதான சிறுவர் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1920இல் இயற்றியது. இலங்கையில் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் சிறுவர் நீதிமன்றத்துக்கு வழிவகுத்தது. தனி நீதிமன்றம் இல்லாத இடங்களில் நீதவானே சிறுவர் நீதிமன்றமாக அமர்வார். 1944இல் வந்த குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம், தண்டனைக்குப் பதிலாக மேற்பார்வை என்னும் முறையை நிலைநாட்டியது.

நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் இவ்வாறு உருப்பெற்றதாகும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இப்பணியை மாகாண சபைகளுக்குப் பகிர்ந்தளித்தது. ஆகவே மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்த சீகிரியாச் சிறுவனின் நலன், மத்திய மாகாண ஆணையாளரின் பொறுப்பாயிற்று.

ஆணையாளர் நீதிபதியல்லர், தீர்ப்பு வழங்குவதுமில்லர். எனினும் தீர்ப்புக்கு ஆதாரமாகும் செய்திகள் அவருடைய அலுவலர் வழியாகவே மன்றை அடைகின்றன. நன்னடத்தை உத்தியோகத்தர் சிறுவனின் வீட்டுக்குச் செல்கிறார், பெற்றோருடன் பேசுகிறார், பாடசாலையில் விசாரிக்கிறார், கண்டவற்றை அறிக்கையாக்குகிறார். சிறுவன் திருடினான் என்பது மட்டும் வழக்கேட்டில் இருக்கும். தாய் தொழில் தேடி வெளிநாடு சென்றதும், அவன் பல மாதங்களாகப் பாடசாலைக்குப் போகாததும் அறிக்கையில்தான் இருக்கும்.

அவ்வறிக்கை தாமதித்தால் நேர்வது யாது? வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. தடுப்பு இல்லத்தில் உள்ள சிறுவனுக்கோ ஒவ்வொரு தவணையும் வீட்டையும் வகுப்பையும் பிரிந்த காலமாகிறது. ஆதலின் உத்தியோகத்தரை நியமித்தல், பயிற்றல், அவர்தம் வேலைச்சுமையை அளவிடல், இல்லங்களைக் கண்காணித்தல், அங்குள்ள பிள்ளைகளின் முறைப்பாடுகளைச் செவிமடுத்தல் ஆகியவை வெறும் அலுவலகக் கருமங்கள் அல்ல. இவற்றுள் ஒன்று தவறினும் அதன் விலையைச் செலுத்துபவன் சிறுவனே.

காலத்தோடு சட்டமும் வளர்ந்தது. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை எட்டு வயதுக்குட்பட்டோரைக் குற்றப்பொறுப்பிலிருந்து விலக்கியிருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வெல்லையைப் பன்னிரண்டாக உயர்த்தியது. ஆயினும் சட்டம் ஏட்டிலிருந்து இறங்கிக் குடிசை வாயிலை அடைவதற்கு ஒரு மனிதர் நடந்து செல்லவேண்டும். அவரை உரிய நாளில் அனுப்பிவைப்பதே ஆணையாளரின் முதற்கடமை.

சீகிரியாவின் கல் பதினைந்து நூற்றாண்டுகளாகக் காத்து நிற்கிறது, இன்னும் காத்திருக்கும். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் ஓராண்டு அவ்வாறு காத்திராது.