சாக்குக்குள் ஒரு கடல்: கிரில் குஞ்சுக் கணக்கும் நாமக்கல் தீவனக் கருவாடும்

நாமக்கல்லுக்குக் கடல் இல்லை. ஆனாலும் கிழக்குக் கரைத் துறைகளிலிருந்து லாரி ஏறி, சாக்குச் சாக்காகக் கடல் இங்கே வந்து இறங்குகிறது. இங்குள்ள முட்டைக்கோழிகளின் தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் பெரும்பங்கு. புரதத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்குமாக உலர்ந்த மீனும் சேர்கிறது. இழுவைமடியில் விழுந்து, விலைக்குப் போகாமல் ஒதுக்கப்படும் கலப்பு மீனைக் கரையில் சங்காயம் என்பார்கள். மணலில் காய்ந்த அந்தச் சங்காயத்தின் ஒரு சாக்கைப் பிரித்துக் கொட்டினால் காரல், சூடை, நெத்திலி, நண்டுக்கால், சிறு கணவாய் எல்லாம் விழும். கூடவே விரல் நீளம்கூட வளராத சங்கராக் குஞ்சுகளும் விழும். இந்தச் சாக்கு தீவன மூலப்பொருள் மட்டும் அன்று, கடலின் அடுத்த ஆண்டைப் பற்றிய சான்றும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தச் சான்றை வாசிக்கும் முறையைத் துருவக் கடலின் கிரில் ஆய்விலிருந்து நாம் கற்க முடியும்.

அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடலின் கிரில், இறால் போன்ற சிற்றுயிர். முழு வளர்ச்சியில் 6 செ.மீ.; ஆயுள் 5 முதல் 7 ஆண்டுகள். திமிங்கலம், சீல், பென்குவின் எல்லாமே அதை நம்பி வாழ்கின்றன. கோடையில் இடும் முட்டை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்து அங்கே பொரிக்கும். பொரித்த குஞ்சு பல வளர்ச்சிப் பருவங்கள் கடந்து மெல்ல மேலேறி வந்து, முதல் குளிர்காலத்தைக் கடல்பனியின் அடிப்புறத்தில் படியும் பாசியை மேய்ந்து கழிக்கிறது. அந்தப் பனி பிந்தி உறைந்தாலோ முந்தி உருகினாலோ ஒரு தலைமுறையே மெலிந்துபோகும். 1995இல் ஃபோல்கர் சீகல், வலேரி லோப் இருவரும் கையாண்ட அளவை இங்கேதான் பொருள் பெறுகிறது. மொத்தக் கிரிலில் ஓராண்டு வயதானவை எத்தனை பங்கு என்பதே அந்த அளவை. மொத்த எடை நேற்றைய வளத்தைச் சொல்லும். குஞ்சுகளின் பங்கு நாளைய வளத்தைச் சொல்லும்.

இந்தப் பங்கைக் கணிப்பது எளிதன்று. பசித்த கிரில் தோலுரிக்கும்போது உடல் சுருங்கிவிடும். ஆகவே சிறியது எல்லாம் இளையது ஆகாது. ஓட்டைக் கழற்றிக்கொண்டே வளரும் உயிருக்கு, வயதைச் சொல்ல மீனைப் போலச் செவிக்கல்லும் இல்லை. கண்காம்பின் உள்ளே வளர்ச்சி வளையங்கள் தெரிகின்றன என்பது அண்மைக் காலத்தில்தான் காட்டப்பட்டது. அளவில் சிறியவையான வேறு கிரில் இனங்களும் வலையில் கலந்து வரும். முதலில் இனம் பிரிக்க வேண்டும், பிறகே வயது பார்க்க வேண்டும். நம் சங்காயத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காரல் முதிர்ந்தாலும் சிறுமீன்தான். அதே நீளச் சங்கராவோ இன்னும் முட்டையே வைக்காத குஞ்சு. இரண்டையும் ‘பொடிமீன்’ என்று ஒரே தட்டில் நிறுப்பது மீன் அறிவியலில் பெரும்பிழை என்றே கருதுகிறேன்.

2019இல் அங்கஸ் அட்கின்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1920களிலிருந்து திரண்ட வலைமாதிரித் தரவுகளைத் தொகுத்து, தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் கிரில் தெற்கு நோக்கி ஒடுங்கி வருவதையும், அதன் சராசரி நீளம் ஏறக்குறைய 6 மி.மீ. கூடியிருப்பதையும் அவர்கள் காட்டினர். உருவம் பெருத்ததை வளம் என்று படிக்கத் தோன்றும். உண்மையில் குஞ்சுகள் குறைந்ததால்தான் சராசரி ஏறியது. தொகையே குறைந்ததா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தரவை மறுபடி அலசிக் குறையவில்லை என்றவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் நடப்பதற்கே 90 ஆண்டு மாதிரிகள் கையில் இருந்ததுதான் காரணம். நம்மிடம் அப்படி ஒரு சேமிப்பு எங்கே?

வலையின் கண்தான் எல்லா மாதிரிக்கும் முதல் சிக்கல். வணிகக் கிரில் வலையில் குஞ்சுகள் நழுவிப்போகும். பெரியவை ஆய்வு வலையைக் கண்டு விலகும். எனவே ஆய்வாளர்கள் மனிதர் அல்லாத வலைஞர்களையும் நாடினார்கள். பென்குவின் இரைப்பையில் கிடைத்த கிரில்களை அளந்தார்கள். தென் ஜார்ஜியா அருகே சீல்களின் கழிவிலிருந்து கிரிலின் முதுகோட்டை எடுத்து அளந்து, தின்ற கிரிலின் நீளத்தைக் கணக்கிட்டார்கள். உண்ணும் உயிர் ஒரு மாதிரிக்கருவி என்ற இந்த எண்ணமே நாமக்கல் சாக்கை எனக்கு வேறாகக் காட்டியது.

துருவக் கடலில் குஞ்சு மீன்பிடிப்புக்குள் சிக்காததால் மறைந்து நிற்கிறது. நம் கரையில் சிக்கியும் பெயரில்லாமல் போகிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் மடியின் கண் அளவுக்கு விதி உண்டு. 2001 முதல் கோடைத் தடைக்காலமும் உண்டு, இப்போது அது 61 நாள். இரண்டுக்கும் நோக்கம் அடுத்த தலைமுறை மீனைக் காப்பதுதான். கேரளம் 2015 முதல், எந்த மீனை எந்த நீளத்துக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று இனவாரியாக விதித்திருக்கிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் துறைமுகங்களில் மாதிரி எடுக்கிறது. சங்காயத்தில் உள்ள குஞ்சுகளைப் பற்றி ஆய்வும் செய்திருக்கிறது. ஆனால் ஏலம் முடிந்து கருவாடாகி உள்நாட்டுக்கு வந்த பிறகு அந்த மீன் ‘புரதம் இத்தனை சதவீதம்’ என்ற ஒற்றை எண்ணாகிவிடுகிறது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இயங்குகிறது; அங்கே தீவனப் பகுப்பாய்வுக் கூடமும் இருக்கிறது. தீவனக் கருவாட்டில் புரதம், உப்பு, மணல் பார்ப்பது தரச் சோதனையின் வழக்கமான கூறு. சோதனைக்கு வரும் முழுமீன் மாதிரியை அரைக்குமுன் ஒரு கைப்பிடியைப் பிரித்து, இனமும் நீளமும் குறிக்கச் சொல்கிறேன். வெயிலில் உடல் சுருங்கும். அதற்குத் திருத்தக் கணக்கு வேண்டும். செவிக்கல்லோ சுண்ணாம்பு, காய்ந்தாலும் கெடாது. அதன் நீளத்திலிருந்து மீனின் நீளத்தைக் கணிக்கலாம்; வளையங்களை எண்ணி வயதும் சொல்லலாம். கிரில் ஆய்வாளருக்கு வாய்க்காத வசதி இது.

மறுப்புகள் வலுவானவை. ஒரே சாக்கில் பல துறைகளின், பல நாள்களின் மீன் கலந்திருக்கும். சரக்கு ஏறிய ஊரையும் மாதத்தையும் மாதிரியோடு எழுதிவைத்தால் இது ஓரளவு தீரும், முழுதும் தீராது. அதைவிடக் கடினமான கேள்வி, குஞ்சு மிகுந்த சாக்கு எதைச் சொல்கிறது என்பது. அந்த ஆண்டு நன்றாகப் பொரித்ததாகவும் இருக்கலாம், படகுகள் குஞ்சு வளரும் கரையோரத்தை அரித்ததாகவும் இருக்கலாம். கடலில் எத்தனை படகு எத்தனை மணி நேரம் மடி இழுத்தது என்ற கணக்கோடு சேர்த்தால்தான் விடை கிடைக்கும். ஆகவே சாக்கு துறைமுக மாதிரிக்கு மாற்று ஆகாது. அதற்குத் துணைச் சான்றாக நிற்கும். மீன்மாவு ஆலைக்குள் போய்விட்டதை அளக்கவும் வழியில்லை.

செலவுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. தென்கடல் உயிர்களை முதன்முதலாக விரிவாக அளந்த பிரிட்டனின் ‘டிஸ்கவரி’ ஆய்வுகள் 1925இல் தொடங்கின. அதற்கான பணம் திமிங்கல எண்ணெய்மீது விதித்த வரியிலிருந்து வந்தது. கடலை உண்ட தொழிலே கடலை எண்ணுவதற்கும் கொடுத்தது. ஜேம்ஸ் மார் 1962இல் வெளியிட்ட கிரில் பெருநூல் அந்த ஆய்வுகளில் விளைந்தது. இந்தியாவும் 1995-96இல் ‘சாகர் சம்பதா’ கப்பலைக் கிரில் தேடித் தென்கடலுக்கு அனுப்பியது. அவ்வளவு தொலைவு போன நமக்கு, நாமக்கல் மில் வாசலில் இறங்கும் சாக்கில் ஒரு கைப்பிடியை அளப்பதற்கு வேண்டியது ஓர் அளவுகோலும் தராசும் உருப்பெருக்கியும், மாதந்தவறாமல் குறித்துவைக்கும் ஒரு பதிவேடும்தான்.