ரசம் போன கண்ணாடியும் தவழும் குழந்தையும்

பழைய நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புத் திட்டு விழுந்தால் "ரசம் போயிடுச்சு" என்போம். சாப்பாட்டு ரசம் இல்லை, பாதரசம். இன்று கடையில் வாங்கும் முகம் பார்க்கும் கண்ணாடியின் முதுகில் இருப்பது வெள்ளி அல்லது அலுமினியம். பாதரசம் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, சொல் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

வீட்டிலேயே நடத்தும் ஒரு சின்ன டே-கேரின் விளையாட்டு அறைக்கு என்ன கண்ணாடி மாட்டலாம் என்று ஒருவருக்காகத் தேடப் போனேன். தேடல் இந்தச் சொல்லில் சிக்கி, பவேரியா வரைக்கும் போய்விட்டது. தவழும் குழந்தையின் முகத்துக்கு நேரே, தரையோடு ஒட்டி ஒரு கண்ணாடி. இன்று எந்த மழலையர் அறைப் படத்தைப் பார்த்தாலும் அது இருக்கும். ஆனால் இது ரொம்பப் புது வழக்கம். அது நடக்க, கண்ணாடியிலிருந்து முதலில் ரசம் போகவேண்டியிருந்தது. அப்புறம் கண்ணாடியே போகவேண்டியிருந்தது!

பழைய முறை இதுதான். சமதளமான மேஜையில் மெல்லிய வெள்ளீயத் தகட்டை விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றுவார்கள். பாதரசமும் வெள்ளீயமும் கலந்து பசைபோல ஆகும்போது கண்ணாடித் தகட்டை மெதுவாகத் தள்ளி ஏற்றி, மேலே பாரம் வைத்து அழுத்துவார்கள். உபரிப் பாதரசம் வடிய நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். முரானோவின் புகழ்பெற்ற வெனிஸ் கண்ணாடிகளும் சரி, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக்கூடமும் சரி, இந்த வழியில் வந்தவைதான். அந்தப் பட்டறைகளின் காற்றிலேயே பாதரச ஆவி கலந்திருந்தது.

ஜெர்மனியின் பவேரியாவில் ஃப்யுர்ட் என்ற ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. பக்கத்து ஊரான எர்லாங்கனில் மருத்துவப் பேராசிரியராக இருந்த அடோல்ஃப் குஸ்மால், இந்தத் தொழிலாளர்களைக் கவனித்து 1861இல் பாதரச நஞ்சேற்றம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். கை நடுக்கம், ஈறு வீக்கம், பல் விழுதல் எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. என்னை நிறுத்தியது இன்னொரு அறிகுறி. பாதரசம் ஏறியவர்களுக்கு அளவுக்கு மீறிய கூச்சம் வந்துவிடும். யாராவது தங்களைப் பார்க்கிறார்கள் என்றாலே தடுமாறுவார்கள், வேலை கையில் ஓடாது. ஊரார் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ளக் கண்ணாடி செய்து கொடுத்தவர்களுக்கு, இன்னொருவர் தங்கள் முகத்தைப் பார்ப்பதே தாங்கமுடியாமல் போனது. இதைவிடக் கொடுமையான தொழில்நோய் இருக்குமா தெரியவில்லை.

இதே காலத்தில், லண்டனில் அப்பர் கோவர் தெருவில் ஒரு வீடு. 1839 டிசம்பர் 27 அன்று பிறந்த தன் மூத்த பையன் வில்லியமைப் பற்றி, அவனுடைய அப்பா நோட்டுப் போட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அப்பா பெயர் சார்லஸ் டார்வின். அந்தக் குறிப்புகள் 1877இல்தான் 'மைண்ட்' என்ற இதழில் கட்டுரையாக வந்தன. நாலரை மாதத்தில் பையன் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையும் அப்பா முகத்தையும் பார்த்துச் சிரித்திருக்கிறான். நிஜ ஆட்கள் என்று நினைத்திருக்கவேண்டும், ஏனென்றால் அப்பாவின் குரல் பின்னாலிருந்து வந்ததும் ஆச்சரியப்பட்டிருக்கிறான். அடுத்த இரண்டு மாதத்துக்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. டார்வின் சத்தமில்லாமல் முகத்தைக் கோணினால், சட்டென்று திரும்பி நிஜ அப்பாவைப் பார்ப்பான். ஒன்பது மாதம் நிறையும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணாடிப் பக்கம் திரும்பினான்.

அது ஏறக்குறைய நிச்சயமாக ரசக் கண்ணாடியாகத்தான் இருந்திருக்கும், 1840இல் வேறு வகை சந்தையில் கிடையாது. அது பெரியவர்களின் கண்ணாடி. விலை உயர்ந்தது, கனமானது, பெரியவர்களின் முக உயரத்துக்கு வைக்கப்படுவது. குழந்தையை அதன் முன்னால் தூக்கிக் காட்டவேண்டும். குழந்தை தானாகப் போய் அதைப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. சின்னக் குழந்தைக்குக் கண்ணாடி காட்டாதே என்று பல தேசத்துப் பாட்டிகளும் சொன்னதற்கு என்ன காரணம் வைத்திருந்தார்களோ. உடைகிற, விஷம் கசிகிற பண்டத்தைக் குழந்தையிடமிருந்து தள்ளி வைத்ததில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ரசத்தை விரட்டியவர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக். வெள்ளிக் கரைசலிலிருந்து கண்ணாடிமேல் பளபளப்பான வெள்ளிப் படலம் படிவதை 1835இல் எழுதினார், 1850களில் அதைத் தொழில்முறையாகச் செம்மைப்படுத்தினார். தொழிலாளர் உயிர் காக்கும் கண்டுபிடிப்பு என்று உலகம் ஓடிவந்து வாங்கியிருக்கவேண்டும், இல்லையா? வாங்கவில்லை. மக்களுக்கு ரசக் கண்ணாடியின் நிறம் பழகிப்போயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாதரசப் பட்டறைகள்மேல் கட்டுப்பாடுகள் இறுகிய பிறகே வெள்ளி வென்றது. 1930களில் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் முறையும் வந்தது. அலுமினிய முறை முதலில் போனது தொலைநோக்கி ஆடிகளுக்கு. குழந்தை அறைக்கு வர அதற்கு இன்னும் சில காலம் பிடித்தது.

விஷம் போயாயிற்று, கண்ணாடி மலிவாயிற்று. அப்போதும் அது பெரியவர்கள் உயரத்திலேயே தொங்கியது. அதைத் தரைக்கு இறக்கியதில் இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1945இல், போர் முடிந்த கையோடு, அந்த ஊருக்கு அருகே வில்லா செல்லா என்ற இடத்தில் ஜெர்மானியர் விட்டுச்சென்ற ஒரு டாங்கி, சில லாரிகள், குதிரைகள் இவற்றை விற்ற பணத்தில் பெற்றோர்களே பள்ளி கட்ட ஆரம்பித்தார்கள். கேள்விப்பட்டு சைக்கிளில் பார்க்கப் போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்ஸி, பிறகு அந்த இயக்கத்தின் முகமாகவே ஆனார். 1963இல் முதல் நகராட்சி மழலையர் பள்ளி, 1971இல் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான முதல் மையம். அந்தப் பள்ளிகளின் அடையாளமே கண்ணாடிகள்தான். மூன்று பெரிய கண்ணாடிகளைக் கூடாரம்போலச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். குழந்தை உள்ளே புகுந்து உட்கார்ந்தால் எண்ணமுடியாத அளவுக்குத் தன்னையே பார்க்கும். இப்போது குழந்தை தானாகத் தவழ்ந்து கண்ணாடிக்குப் போகிறது.

போனால் தட்டும், நக்கும், கையில் இருக்கிற மரக்கட்டையால் ஒரு போடு போடும். இங்கேதான் அடுத்த பிரச்சனை.

உடையும் கண்ணாடிக்கு இரண்டு வைத்தியம் உண்டு, இரண்டும் பிரான்சிலிருந்து வந்தவை. 1874இல் ரோயே தெ லா பாஸ்தி கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நம் கடைக்காரர்கள் 'டஃபண்ட் கிளாஸ்' என்று சொல்வதன் தாத்தா அது. 1909இல் எதுவார் பெனெதிக்தூஸ் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே செல்லுலாய்டு வைத்து ஒட்டுவதற்கு வாங்கினார், அது லேமினேட்டட் கண்ணாடியின் தாத்தா. இன்றைய ஐரோப்பியத் தரம் ஈஎன் 12600, 50 கிலோ எடையுள்ள டயர் ஊசல் ஒன்றை 19, 45, 120 செ.மீ. உயரங்களிலிருந்து மோதவிட்டு, எப்படி உடைகிறது என்று பார்க்கிறது. 'ஏ' என்றால் கத்திபோன்ற சில்லுகள். 'பி' என்றால் விரிசல் விட்டாலும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். 'சி' என்றால் கற்கண்டுபோல உதிரும். பீரோவில் இருக்கும் சாதாரணக் கண்ணாடி 'ஏ'தான். பீரோக் கதவைக் கழற்றித் தரையோரம் சாத்திவைக்கும் யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்க.

பொம்மைக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 71 இன்னும் கண்டிப்பு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மையில் கை படும் இடத்தில் கண்ணாடியே கூடாது. அதனால் பொம்மைக்குள் அக்ரிலிக் வந்தது. 1933இல் ஜெர்மனியின் ரோம் அண்ட் ஹாஸ் 'பிளெக்ஸிகிளாஸ்' என்ற பெயரில் விற்றது, போர் விமானங்களின் கூண்டுக்குப் போனது, கடைசியில் இப்படி மழலையர் அறைக்கும் வந்து சேர்ந்தது. எடை கண்ணாடியின் பாதிக்கும் குறைவு. சுலபத்தில் உடையாது. ஆனால் உடையவே உடையாது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீங்க, முறிந்தால் விளிம்பு கூர்மையாகவே இருக்கும். பலமாக அடி விழும் இடமென்றால் பாலிகார்பனேட் மேல்.

ஆனால் என்னுடைய கவலை வேறு. ஒரு மில்லிமீட்டர் தகட்டை டபுள்-சைடு டேப்பில் சுவரில் ஒட்டிவிட்டு "குழந்தைக் கண்ணாடி" என்கிறார்கள். சுவர் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அது வளைகிறது, முகம் பொருட்காட்சி மாயக்கண்ணாடி மாதிரி இழுபடுகிறது. 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற அமெரிக்க உளவியலாளர், 3 முதல் 24 மாதம் வரையிலான 88 குழந்தைகளின் மூக்கில் சிவப்புப் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விட்டார். சின்னவர்கள் உள்ளே இருப்பது இன்னொரு குழந்தை என்று விளையாடினார்கள். 20 மாதத்துக்கு மேற்பட்டவர்களில்தான் பெரும்பாலோர் அது தாங்களே என்று கண்டுகொண்டார்கள். (கென்யாவிலும் ஃபிஜியிலும் பிற்பாடு செய்து பார்த்தபோது மிகச் சில குழந்தைகளே மூக்கைத் தொட்டார்கள். ஆகவே உங்கள் டே-கேர் பிள்ளைகளுக்கு இந்தப் பரீட்சை வைத்து மார்க் போடவேண்டாம்.) அந்த ஒன்றரை வருஷம் முழுக்க, தான் கை தூக்கினால் உள்ளே இருப்பவனும் தூக்குகிறானா என்று குழந்தை சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது. அலை அடிக்கும் தகட்டில் அதை எப்படிச் சரிபார்ப்பது?

ஆகவே, தவழுகிறவர்கள் அதிகம் என்றால் 3 மி.மீ.க்குக் குறையாத அக்ரிலிக்கை சமமான ப்ளைவுட்டில் முழுப்பரப்பும் படியும்படி பொருத்தி, விளிம்பை மரச்சட்டத்துக்குள் மறைத்து, சட்டத்தைச் சுவரில் திருகிவிடலாம். பிம்பம் துல்லியமாக வேண்டும், செலவு பரவாயில்லை என்றால் முதுகில் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிய, 'பி' வகைச் சான்று உள்ள கண்ணாடி. டஃபண்டில் பிம்பம் லேசாக நெளிவதுண்டு, அது எனக்கு மூன்றாம் தேர்வு. அக்ரிலிக்கை ஸ்பிரிட்டாலோ அம்மோனியா கலந்த கிளீனராலோ துடைத்தால் மயிரிழை விரிசல் ஓடும், சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். பாட்டி வீட்டுப் பழைய கண்ணாடி அழகாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டால், உண்மையான ரசக் கண்ணாடியாக இருந்தால் அது இன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதரசத்தை விடும். விளையாட்டு அறைக்கு வேண்டாம்.

மாட்டி முடித்ததும் தரையில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரின் ஜன்னல் கம்பிகள் அதில் எப்படித் தெரிகின்றன என்று பாருங்க. கம்பி நெளிந்தால் கழற்றி, பின்பலகையைச் சமன் செய்து திரும்ப மாட்டச் சொல்லுங்க.