சமாதானத்திற்குப் பின் சாவு!

நெய்வேலியில் மண்ணைத் தோண்டினர். பழுப்பு நிலக்கரி கிடைத்தது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கிழக்கே, கடலூரில், வரலாற்றைத் தோண்டிப் பாருங்கள் தோழர்களே! கிடைப்பது என்ன? பிறர் வழக்குக்காகப் பிணமான நம்மவர் கதை!

அமெரிக்க மக்கள் ஆங்கில மன்னனை எதிர்த்துப் போரிட்டனர். 1778-இல் பிரான்சு அவர்களுடன் சேர்ந்தது. அங்கே பற்றிய நெருப்பு இங்கேயும் பரவிற்று. 1782 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை, ஐதர் அலியின் துணையோடு கடலூரைக் கைப்பற்றியது. மறு ஆண்டு அதை மீட்க வந்தார் ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட். காத்து நின்றார் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி.

1783 ஜூன் 7: ஆங்கிலப் படை நகருக்குத் தெற்கே பாளையம் இறங்கியது.

ஜூன் 13: கடும் போர். ஆங்கிலேயர் பக்கம் மட்டும் மாண்டவரும் காயமுற்றவருமாக ஏறத்தாழ 1,000 பேர். புஸ்ஸி நகருக்குள் பின்வாங்கினார்.

ஜூன் 20: கடலிலே மோதல். சுஃப்ரனின் 15 பிரெஞ்சுக் கப்பல்களைத் தாங்கமாட்டாமல், 18 கப்பல்களுடன் வந்த ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார்.

ஜூன் 25: பிரெஞ்சுப் படை வெளியேறித் தாக்கியது, விரட்டப்பட்டது. மீண்டும் பிணங்கள்!

ஜூன் இறுதியிலே ஒரு கப்பல் வந்தது, சமாதானச் செய்தியோடு. ஜூலை 2-ஆம் நாள் பீரங்கிகள் ஓய்ந்தன.

எப்போது ஏற்பட்டதாம் அந்தச் சமாதானம்? பிரான்சும் பிரிட்டனும் முன்னுடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாள் 1783 ஜனவரி 20! ஐரோப்பாவிலே மை உலர்ந்து ஐந்து திங்கள் ஆனபின், கடலூரிலே குருதி ஈரம் காயவில்லை. கப்பல் நம்பிக்கை முனையைச் சுற்றி வர மாதங்கள் ஆகும். அதுவரை மடிந்துகொண்டிருந்தான் மனிதன்!

மடிந்தவர் யார்? வெள்ளையர் மட்டுமல்ல. ஆங்கிலேயர் அணியிலே சென்னை, வங்காளச் சிப்பாய்கள். எதிர் அணியிலே பிரெஞ்சுக்காரரின் இந்தியச் சிப்பாய்கள், மைசூர் வீரர்கள். இருபுறமும் இந்நாட்டு ஏழை! கூலிக்குத் துப்பாக்கி ஏந்தினான்; எவனுடைய பகைக்கோ உயிர் கொடுத்தான். பெற்ற பலன்? செப்டம்பர் 3-இல் வெர்சேல்சு உடன்படிக்கை; கடலூர் மீண்டும் ஆங்கிலேயருக்கே என்று முடிவாயிற்று. செத்தவனுக்கு ஒரு பிடி மண்ணும் மிச்சமில்லை.

ஸ்டூவர்ட்டை, புஸ்ஸியை, சுஃப்ரனை ஏடுகள் அறியும். சிப்பாயின் பெயரை அறியுமா? போர்க்கதை படிக்கும் இளைஞனே! வென்றவர் யார் என்று கேட்பதோடு நில்லாதே. விலை கொடுத்தவர் யார் என்றும் கேள். அப்போதுதான் அது வரலாறு!