தமிழ்நாட்டில் தன்பால், இருபால் ஈர்ப்புள்ள ஆண்களின் பாலியல் நலம்: ஒரு சமூக வரலாறு

ஒருவருக்குத் தம் பாலினத்தைச் சேர்ந்தவர்மீதே காதலும் உடல் ஈர்ப்பும் தோன்றுவது தன்பால் ஈர்ப்பு எனப்படும். ஆண், பெண் இருபாலர்மீதும் தோன்றினால் அது இருபால் ஈர்ப்பு. இவ்வகை ஈர்ப்புடைய ஆண்களின் பாலியல் நலத்தைச் சட்டம், குடும்பம், மருத்துவம், காவல்துறை, பள்ளி ஆகியவை எவ்வாறு பாதித்தன என்பதைத் தமிழ்நாட்டை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பாலியல் நலம் என்றால் நோய் இல்லாதிருப்பது மட்டுமன்று. உடல், உணர்வு, மனம், சமூக உறவு ஆகிய நான்கிலும் பாலியல் தொடர்பாக ஒருவர் நலமாக இருப்பதையே உலக சுகாதார நிறுவனம் அச்சொல்லால் குறிக்கிறது. வற்புறுத்தலும் வன்முறையும் பாகுபாடும் இல்லாமல் இருப்பதும் அதில் அடங்கும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இவ்வாண்களின் நலத்தைக் கெடுத்ததில் கிருமிகளுக்கு உள்ள பங்கைவிட அச்சத்துக்கு உள்ள பங்கு குறைந்ததன்று என்பது விளங்கும்.

சொற்கள்

நெடுங்காலம் தமிழ் நாளிதழ்களில் 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லே வழங்கியது. அது ஒரு செயலை மட்டும் குறிக்கிறது. மனிதரின் அன்பையோ இயல்பையோ குறிப்பதில்லை. செய்தியில் அச்சொல் பெரும்பாலும் குற்றச் செய்தியோடு சேர்ந்தே வந்ததால், கேட்பவருக்கும் குற்றம் என்றே மனத்தில் பதிந்தது. 'தன்பால் ஈர்ப்பு' போன்ற சொற்கள் பின்னர் பரவின. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலைத் தொடர்ந்து, இத்தகைய சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது.

திருநங்கையரையும் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களையும் ஒன்றாகக் கருதுவது பொதுவான பிழை. திருநங்கை என்பது ஒருவர் தம்மை எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பதைப் பற்றியது. தன்பால் ஈர்ப்பு என்பது யார்மீது ஈர்ப்பு உண்டாகிறது என்பதைப் பற்றியது. தமிழ்நாட்டில் திருநங்கையருக்குக் கூத்தாண்டவர் கோயில் திருவிழா நடக்கும் கூவாகம் போன்ற பொது இடம் உண்டு. 2008இல் அவர்களுக்கென நல வாரியமும் அமைந்தது. ஆணாகவே வாழ்ந்து ஆணை நேசித்தவருக்கு அத்தகைய இடமும் இல்லை, பெயரும் இல்லை. அவர் மறைந்தே வாழ்ந்தார்.

சட்டம் விதைத்த அச்சம்

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் வரைந்த இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' உடலுறவுக்கு ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டு வரை சிறை என்றது. இருவரும் வயது வந்தவர்களா, இருவருக்கும் சம்மதமா என்பதை அது பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் தனிமையில் நிகழும் இத்தகைய உறவு 1967இல் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆங்கிலேயர் இங்கே விட்டுச்சென்ற பிரிவு அதன் பின்னும் 50 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இப்பிரிவின்கீழ் நீதிமன்றம் வரை சென்று தண்டனை பெற்றவர்கள் குறைவு. ஆயினும் அதன் வேலை நீதிமன்றத்துக்கு வெளியேதான் நடந்தது. பூங்காவிலோ கடற்கரையிலோ பிடிபட்டவரை மிரட்டிப் பணம் பறிக்க அந்த எண்ணைச் சொன்னாலே போதும். அடித்தவர்மீதோ பறித்தவர்மீதோ புகார் கொடுக்கப் போனால், முதலில் தானே குற்றவாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

குடும்பமும் திருமணமும்

சட்டத்தை அறியாத வீட்டிலும் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற கேள்வி இருந்தது. மகனின் இயல்பு தெரிய வந்தாலும், 'கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்' என்பதே பெற்றோர் கண்ட மருந்து. இதனால் இரண்டு உயிர்கள் துன்புற்றன. ஆணுக்கு ஒளித்து வாழும் வாழ்வு. ஒன்றும் அறியாது கழுத்தை நீட்டிய பெண்ணுக்குக் காரணம் புரியாத தனிமை. ஒளித்து வாழும் உறவில் பாதுகாப்பைப் பற்றிப் பேச நேரமோ இடமோ கிடைப்பதில்லை. எனவே கணவனுக்கு வந்த தொற்று மனைவிக்கும் சென்றது.

இருபால் ஈர்ப்புள்ளவர் நிலை இன்னும் சிக்கலானது. அவருக்கு மனைவிமீது உண்மையான அன்பு இருக்கலாம். வீட்டார், 'அப்படியானால் மற்றது வெறும் பழக்கம்தானே' என்றனர். தன்பால் ஈர்ப்புள்ள நண்பர்களோ அவரை முழுமையாக நம்பவில்லை. அவர் இரு தரப்பிலும் வாய் திறக்காதவராகவே இருந்தார்.

சந்தேகம் வந்த இளைஞன் எங்கே போவான்? வார இதழ்களின் பின்பக்கத்தில் 'ஆண்மைக் குறைவு' விளம்பரங்கள் இருந்தன. மாதத்தில் குறித்த தேதியில் ஊர் ஊராக லாட்ஜ்களில் தங்கிச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் இருந்தனர். விந்து வீணாவதால் உடல் கெடும் என்ற அச்சத்தை 1960இல் மனநல மருத்துவர் விக் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டு விளக்கினார். பாலியல் பற்றிய அறிவு இல்லாத இடத்தில் இந்த அச்சமே அறிவாக விற்கப்பட்டது.

1986: சென்னையிலிருந்து வேலூருக்கு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால் அவை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வேலூர் அன்று வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். திருவண்ணாமலையும் 1989 வரை அம்மாவட்டத்திலேயே இருந்தது. ஆகவே, எங்கோ வெளிநாட்டில் உள்ள நோய் என்று எண்ணப்பட்டது, தம் மாவட்டத்துத் தலைநகரில்தான் முதலில் கண்டறியப்பட்டது.

1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும், 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் உருவாயின. தொடக்கத்தில் கவனம் முழுவதும் பாலியல் தொழிலாளர்மீதும் லாரி ஓட்டுநர்மீதும் இருந்தது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் நம் நாட்டில் மிகச் சிலரே என்ற எண்ணம் நிலவியதால், அவர்களுக்கான பணி தாமதமாகவே தொடங்கியது. ஆணுறை விளம்பரங்களும் கணவன், மனைவி படத்துடனேயே வந்தன. அதைப் பார்த்தவர் ஆண்களுக்கு இடையிலான உறவில் ஆபத்து இல்லை என்று நினைக்க இடமிருந்தது. உண்மையில் பாதுகாப்பற்ற குதவழி உறவில்தான் தொற்றும் வாய்ப்பு மிக அதிகம்.

களப்பணியும் அதன் தடைகளும்

1998இல் சென்னையில் சுனில் மேனன் தொடங்கிய 'சகோதரன்' அமைப்பு, இவ்வாண்கள் கூடும் இடங்களுக்கே சென்று ஆணுறையும் ஆலோசனையும் வழங்கியது. 1999இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இத்தகைய பணிகள் விரிவடைந்தன. திட்ட ஆவணங்கள் 'ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்கள்' என்ற சொல்லையே பயன்படுத்தின. தம்மை எந்தப் பெயராலும் அழைத்துக்கொள்ளாத திருமணமான ஆண்களையும் அது உள்ளடக்கியது. அவர்களுக்குள் கோத்தி, பந்தி, டபுள் டெக்கர் என்ற வழக்குச் சொற்கள் இருந்தன.

களப்பணியாளர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. 2001இல் லக்னோவில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியாளர்கள் இதே 377ஆம் பிரிவைக் காட்டிக் கைது செய்யப்பட்டனர். ஒருபுறம் அரசே ஆணுறை கொடுத்தது. மறுபுறம் அரசின் சட்டமே அதை வாங்கியவரைக் குற்றவாளி ஆக்கியது. இம்முரண்பாட்டைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே 2006இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இச்சட்டத்தால் மக்கள் மறைந்துபோகின்றனர், தடுப்புப் பணி தடைபடுகிறது என்பதே அது தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தின் சாரம்.

2004 ஏப்ரலில் தமிழ்நாடு உள்ளிட்ட தொற்று மிகுந்த மாநிலங்களில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. இன்று இந்தியாவில் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. பரவல் சுமார் 0.2 விழுக்காடு. ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்களிடம் அது அதைப் போல் பல மடங்கு. மருந்தைத் தவறாமல் எடுத்து, கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்ற உண்மை. ஆனால் பரிசோதனைக்கு வந்தால்தானே மருந்து கிடைக்கும்?

ஆய்வுகள் காட்டியவை

அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர், 'சிறுபான்மையினர் மன அழுத்தம்' என்ற கோட்பாட்டை 2003இல் விரிவாக எடுத்துரைத்தார். ஈர்ப்பு நோயன்று. இகழ்ச்சி, இகழப்படுவோமோ என்ற எதிர்பார்ப்பு, ஒளித்து வாழும் உழைப்பு, தன்னையே வெறுத்தல் ஆகியவையே மனத்தைக் கெடுக்கின்றன என்பது அதன் சாரம்.

சென்னையில் வெங்கடேசன் சக்கரபாணியும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, கோத்தி என்று தம்மை அழைத்துக்கொள்வோர் காவலர், ரௌடிகள், குடும்பத்தார் ஆகியோரிடம் சந்தித்த வன்முறையைப் பதிவு செய்தது. அடியும் அவமானமும் பழகிப்போனவர் தம் உயிரையே மதிக்காத நிலைக்கு வருகிறார். தம்மை மதிக்காதவர் ஆணுறையை வற்புறுத்திக் கேட்பதில்லை. பின்னர் சென்னையிலும் மும்பையிலும் நடந்த ஒரு பரிசோதனை ஆய்வு இதற்கு மாற்றுவழி தேடியது. வழக்கமான எச்.ஐ.வி. ஆலோசனையுடன், தன்னை ஏற்றுக்கொள்ளப் பழக்கும் அமர்வுகள் குழுவாகவும் தனியாகவும் நடத்தப்பட்டன. அதன் முடிவுகள் 2021இல் வெளியாயின. தடுப்புப் பணி மனத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

நீதிமன்றங்களும் மருத்துவமும்

2009 ஜூலை 2இல் தில்லி உயர் நீதிமன்றம், சம்மதத்துடன் வயது வந்தோர் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமன்று என்றது. 2013 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6இல் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு மீண்டும் ஒருமனதாக அவ்வுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் பாலியல் நாட்டத்தைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் பங்கு தனித்துச் சொல்லத் தக்கது. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இப்பொருளில் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றார். 2021 ஜூன் 7இல் அவர் பிறப்பித்த உத்தரவு, ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. 2022இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, இவர்களைத் துன்புறுத்தலாகாது என்று சேர்த்தது. அதே ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம் 'மாற்று'ச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்றது.

பயணம் நேர்கோட்டில் இல்லை. 2024இல் அதே ஆணையம் தடயவியல் பாடத்தில் தன்பால் உறவை மீண்டும் பாலியல் குற்றமாகச் சேர்த்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆம் பிரிவு முற்றிலும் இல்லை. அதனால் வயது வந்த ஆண் ஒருவர்மீது நிகழும் பாலியல் வன்கொடுமைக்கெனத் தனிப் பிரிவும் இல்லாமல் போயிற்று. இலங்கையில் ஆங்கிலேயர் காலத்து 365ஏ பிரிவு இன்னும் நீங்கவில்லை. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2022இல் நீக்க முடிவு செய்தது.

சிறு ஊர்களின் நிலை

அமைப்புகளும் ஊர்வலங்களும் பெரும்பாலும் சென்னை போன்ற நகரங்களைச் சார்ந்தவை. திருவண்ணாமலை போன்ற கோயில் நகரின் நிலை வேறு. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கும் ஊர் இது. இக்கட்டுரையாளர் வாழும் ரமணாசிரமப் பகுதியில் வெளிநாட்டினர் மாதக்கணக்கில் வாடகைக்குத் தங்குகின்றனர். இரு வெளிநாட்டு ஆண்கள் ஒரே வீட்டில் குடியிருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. அதே தெருவில் 30 வயது உள்ளூர் இளைஞனிடம் 'எப்போது கல்யாணம்?' என்று கேட்காதவர் இல்லை.

அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் இலவச எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் உண்டு. 1097 என்ற எண்ணில் தொலைபேசி ஆலோசனையும் உண்டு. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் ஒருவரின் தொற்று நிலையை இரகசியமாக வைக்கக் கட்டளையிடுகிறது. இருந்தும் சிறு ஊரில் வரிசையில் நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம் என்ற தயக்கம் காலைப் பின்னுக்கு இழுக்கிறது.

பள்ளியின் கடமை

2005இல் தேசிய அளவில் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டம் 2007இல் பல மாநிலங்களில் எதிர்ப்பைச் சந்தித்தது. திட்டம் இருந்த இடத்திலும் அது வகுப்பறையை அடைந்ததா என்பது ஆசிரியரின் கூச்சத்தைப் பொறுத்தது. இனப்பெருக்கப் பாடம் வந்ததும் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்தைத் திருப்பிய ஆசிரியர்களில் இக்கட்டுரையாளரும் ஒருவர். ஒரு மாணவனை மற்றவர்கள் நடையைச் சொல்லிக் கேலி செய்தபோது, கேலி செய்தவர்களை அடக்கியதோடு கடமை முடிந்தது என்று எண்ணியவரும் அவரே. அம்மாணவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை.

முடிவுரை

1862 முதல் 2018 வரை 156 ஆண்டுகள் ஒரு சட்டம் அச்சத்தை வளர்த்தது. அது நீங்கியபின்னும் வீட்டிலும் வகுப்பறையிலும் மருத்துவமனை வரிசையிலும் அச்சம் தங்கியிருக்கிறது. மருந்தும் பரிசோதனையும் ஆலோசனையும் இன்று இலவசம். அவற்றை நோக்கி ஒருவர் நடந்து வர, அவரை அவமானப்படுத்தாத பெற்றோரும் ஆசிரியரும் மருத்துவரும் வேண்டும். இதைப் படிக்கும் மாணவர்களில் எவரேனும் இக்கட்டுரையில் தம்மைக் கண்டால், அவர் அறிய வேண்டியது இதுவே: இந்த ஈர்ப்பு நோயன்று, குற்றமன்று. உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.